தந்தி போயாச்சு, ‘டிட்... டா’ போகலை! கம்ப்யூட்டர் கேம் ஆடி மோர்ஸ் கோட் கற்பது எப்படி?

இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையிலேயே மூடப்பட்டுவிட்டது. அதோடு மோர்ஸ் கோடும் போச்சு என்றுதான் பலர் நினைக்கிறோம். ஆனால் ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் இன்றும் அதைப் பழகுகிறார்கள். அதுவும் கேம் ஆடி! எப்படி என்று பார்க்கலாம்.

ஹாம் ரேடியோன்னா என்ன?

லாப நோக்கம் இல்லாமல், அரசு உரிமம் பெற்று, சொந்த ரேடியோ மூலம் உலகம் முழுக்கப் பேசுவதுதான் அமெச்சூர் ரேடியோ. செல்போன் டவர் சாய்ந்தாலும் இது வேலை செய்யும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமான் துண்டிக்கப்பட்டபோது, ஹாம் ரேடியோ நிகழ்ச்சிக்காக போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் ரேடியோ வழியாக வெளியுலகுக்குத் தகவல் அனுப்பினார்கள்.

உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயமா?

2003-ல் உலக அளவில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டு, முடிவு அந்தந்த நாடுகளிடமே விடப்பட்டது. இந்தியாவில் இரண்டு கிரேடு வந்தது. ‘ரெஸ்ட்ரிக்டட்’ கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம். அதிக சக்தி, அதிக அலைவரிசைகள் தரும் ‘ஜெனரல்’ கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் தேர்வு உண்டு. விதிகள் மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் மத்திய அரசின் ‘சரல் சஞ்சார்’ தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

பலர் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

தமிழ் வகுப்பில் படித்த மாத்திரைக் கணக்கு ஞாபகம் இருக்கா? மோர்ஸும் அதே மாதிரிதான். புள்ளி, குறில் போல ஒரு மாத்திரை. கோடு, அளபெடை போல மூன்று மாத்திரை. புள்ளியை ‘டிட்’ என்றும் கோட்டை ‘டா’ என்றும் சொல்வார்கள். 8 வார்த்தை வேகத்தில் ஒரு புள்ளி 0.15 விநாடி மட்டுமே ஒலிக்கும்.

சார்ட்டை மனப்பாடம் செய்தவர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ‘எத்தனை புள்ளி, எத்தனை கோடு’ என்று எண்ணுகிறார்கள். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். அவ்வளவுதான், வரிசையே போச்சு! ‘அம்மா’ என்று கேட்டால் நாம் எழுத்துக் கூட்டுவதில்லையே? மோர்ஸும் அப்படிக் காதில் விழ வேண்டும்.

கேம் என்ன செய்கிறது?

எண்ணுவதற்கு நேரமே தராது. 1930-களில் ஜெர்மன் உளவியலாளர் லுட்விக் கோக் சொன்ன முறைதான் இதற்கு அடிப்படை. முதல் நாளே முழு வேகம், ஆனால் இரண்டே எழுத்து. 90 சதவீதம் சரியாக வந்தால்தான் மூன்றாவது எழுத்து. இதைத் தனியாகப் பயிற்சி செய்தால் போரடிக்கும். ஸ்கோர் வந்துவிட்டால் ‘இன்னொரு தடவை’ என்று கை தானாகப் போகும்.

எதில் ஆடலாம்?

* லேர்ன் சிடபிள்யூ ஆன்லைன்: பிரவுசரிலேயே இலவசம். கோக் முறையில் பாடம் பாடமாகப் போகும். புதியவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

* ரஃப்ஸ் எக்ஸ்பி: 50 அழைப்புக் குறிகள் வரும். சரியாக அடித்தால் வேகம் கூடும், தப்பினால் குறையும்.

* மோர்ஸ் ரன்னர்: ஹாம் ரேடியோ போட்டியை அப்படியே காட்டும் கேம். பல நிலையங்கள் ஒரே நேரத்தில் கூப்பிடும், இரைச்சலும் சேரும். மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கும்போது, நம்ம பஸ் கண்டக்டர் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுவோமே, அதே கதைதான். அழைப்புக் குறியைத் தப்பாக அடித்தால், எதிர்முனை அதைத் திரும்பச் சொல்லித் திருத்தும்.

கேம் மட்டும் போதுமா?

போதாது. ரஃப்ஸ் எக்ஸ்பி, மோர்ஸ் ரன்னர் இரண்டிலும் பெரும்பாலும் வருவது அழைப்புக் குறிகளும் எண்களும்தான். தேர்வில் வருவதோ தொடர்ச்சியான வாக்கியங்கள். அதற்கு லேர்ன் சிடபிள்யூ தளத்திலேயே தனிப் பயிற்சி உண்டு. அடுத்து, கேம் பழக்குவது கேட்பதை மட்டும்தான். அனுப்புவதற்கு மோர்ஸ் சாவியைக் கையில் பிடித்து, தெரிந்த ஹாம் ஒருவரிடம் அடித்துக்காட்டிப் பழகணும்.

இவ்வளவு மெனக்கெடணுமா?

குரலுக்குக் கிட்டத்தட்ட 3,000 ஹெர்ட்ஸ் அகல அலைவரிசை தேவை. மோர்ஸுக்குச் சுமார் 150 ஹெர்ட்ஸ் போதும். அதனால் குரல் அமுங்கிப்போகும் இரைச்சலிலும் மோர்ஸ் கேட்கும். அயனி மண்டலம் கைகொடுத்தால், 5 வாட் சக்தியிலேயே கண்டம் தாண்டிப் போகும்.

தினமும் 15 நிமிடம், இரண்டே எழுத்து. ஹெட்போனை மாட்டுங்க, ஆரம்பிங்க!