பல்வயதுச் சிறார்களுக்கான வீட்டுக்கல்வி

பல்வயதுச் சிறார்களுக்கான வீட்டுக்கல்வி என்பது, வயதாலும் கற்கும் ஆற்றலாலும் வேறுபட்ட ஒரே குடும்பத்துச் சிறார்களுக்குப் பெற்றோரோ உறவினரோ வீட்டிலேயே ஒருங்கே கற்பிக்கும் முறையைக் குறிக்கும். பள்ளியில் ஏறத்தாழ ஒரே வயதுடைய மாணவர்கள் ஒரு வகுப்பில் அமர்கின்றனர். வீட்டிலோ அரிச்சுவடி பயிலும் ஐந்து வயதுக் குழந்தையும் இயற்கணிதம் பயிலும் பதினான்கு வயதுச் சிறாரும் ஒரே அறையில் இருப்பர். இந்நிலையைக் கையாளும் வழிகள் தமிழகத்திற்குப் புதியன அல்ல. திண்ணைப் பள்ளிகளும் பிற்காலச் செயல்வழிக் கற்றல் வகுப்புகளும் இதே சிக்கலை எதிர்கொண்டன.

வரலாறு

திண்ணைப் பள்ளியில் ஓர் ஆசிரியரே வெவ்வேறு வயதினர் அனைவருக்கும் கற்பித்தார். தொடக்க நிலை மாணவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். அடுத்த நிலையினர் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். மூத்த மாணவருள் ஒருவர் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒருவர் எந்தப் பாடத்தில் இருக்கிறார் என்பதை அவரது வயதைக் காட்டிலும் அவர் முடித்த சுவடியே தீர்மானித்தது.

சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோவின் ஆணைப்படி 1822 முதல் மாகாணத்தின் கல்வி நிலை குறித்த விவரங்கள் திரட்டப்பட்டன. மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக அவரது 1826 ஆம் ஆண்டுக் குறிப்பு கூறுகின்றது. சென்னை நகரில் பள்ளிகளில் பயின்றோர் 5,500 இற்குச் சற்று மேற்பட்டோராகவும், வீட்டில் கற்றோர் 26,900 இற்கு மேற்பட்டோராகவும் கணக்குக் காட்டப்பட்டது. பிந்திய எண்ணிக்கையில் பிழை இருக்கலாம் என மன்றோவே ஐயுற்றார். எனினும் பலர் வீட்டில் கற்றனர் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். இக்கல்வி எல்லோருக்கும் கிட்டியதன்று. பள்ளிக் கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே.

மதராசு முறை

எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் இசுக்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அவ்வழியைப் பின்பற்ற இணங்காமையால், எட்டு வயது மாணவர் ஒருவரைக் கொண்டு இளையோருக்கு எழுத்தறிவித்தார். இங்கிலாந்து திரும்பிய பின் 1797 இல் இது பற்றி நூல் வெளியிட்டார். இது மதராசு முறை எனப் பெயர்பெற்று இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. மனப்பாடத்திற்கே இடமளித்தது என்பதும், கற்பிக்கும் மாணவரின் சொந்தக் கல்வி தடைப்பட்டது என்பதும் இதன் மீதான முதன்மைக் குறைகளாகும்.

செயல்வழிக் கற்றல்

ஆந்திரப் பிரதேசத்தின் ரிசி பள்ளத்தாக்குக் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003 இல் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007-08 கல்வியாண்டில் இது மாநிலம் முழுதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. பாடம் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டுக் கற்றல் ஏணியாகச் சுவரில் மாட்டப்பட்டது. மாணவர் தாம் நிற்கும் படிக்குரிய அட்டையைத் தாமே எடுத்துப் பயின்றனர். ஆசிரியர் உதவியுடன் கற்போர், சக மாணவர் உதவியுடன் கற்போர், தாமே கற்போர் எனக் குழுக்கள் அமைந்தன. 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒரே வகுப்பு மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தது.

நடைமுறை

ஒரு பெரியவர் ஐந்து சிறார்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குவதாகக் கொள்வோம். தனித்தனியே கற்பித்தால் ஒருவருக்கு 36 நிமிடங்களே கிட்டும். மாறாக, ஒரு மணி நேரம் பொதுப்பாடம் நடத்தி, எஞ்சிய 120 நிமிடங்களைப் பகிர்ந்தால், ஒவ்வொருவரும் 60 நிமிடப் பொதுப்பாடமும் 24 நிமிடத் தனிக்கவனமும் பெறுவர். மீதமுள்ள 96 நிமிடங்களை அவர்கள் தாமே செய்யும் வேலையால் நிரப்ப வேண்டும். எனவே இம்முறையின் வெற்றி, தாமே செய்யத்தக்க வேலையை முன்கூட்டி ஆயத்தம் செய்வதில் தங்கியுள்ளது.

பொதுவாகப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன:

- பொதுப்பாடம்: கதை, வரலாறு, அறிவியல் போன்றவற்றில் தலைப்பு ஒன்று, ஆழம் வெவ்வேறு.
- தனி ஏணி: கணிதம், வாசிப்பு போன்ற படிமுறைப் பாடங்களில் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை. பத்து வயதுச் சிறார் ஒருவர் வாசிப்பில் ஆறாம் வகுப்பு நிலையிலும் கணிதத்தில் மூன்றாம் வகுப்பு நிலையிலும் இருக்கலாம்.
- பதிவேடு: யார் எப்படியில் நிற்கிறார் என்பதை நாள்தோறும் குறித்தல். இன்றேல், அமைதியாக இருக்கும் சிறாரின் பின்னடைவு எவர் கண்ணிலும் படாமற் போகும்.

எடுத்துக்காட்டு: பீங்கான் சுருக்கம்

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிற்கூடங்களுக்குப் பெயர்பெற்ற நகரம். பீங்கான் களிமண் காயும்போதும் சூளையில் சுடப்படும்போதும் சுருங்குகின்றது. இவ்வொரு செய்தியே பல வயதினருக்கும் பாடமாகும். இளைய குழந்தை துண்டுகளை எண்ணலாம். எட்டு வயதினர் சுடுவதற்கு முன்னும் பின்னும் நீளத்தை அளந்து எழுதலாம். 100 மில்லிமீட்டர் துண்டு 90 ஆகச் சுருங்கினால் சுருக்கம் 10 விழுக்காடு என்பதைப் பதினொரு வயதினர் கணிக்கலாம். சுட்டபின் 100 மில்லிமீட்டர் வேண்டுமெனில் ஈரத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மூத்தவருக்கான கேள்வி. விடை 110 அன்று. 100 ஐ 0.9 ஆல் வகுக்கக் கிடைக்கும் 111.1 ஆகும். இது கணக்குப் பாடமே அன்றி வேலை அன்று. சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும் என்பதால் அளவிடலைத் தொழிற்கூடத்திற்கு வெளியே செய்தல் வேண்டும்.

சட்ட நிலை

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான சிறார்களை அண்மைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கின்றது. சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதனையும் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியை ஒரு பொது மாற்றாகவும் அது குறிப்பிடவில்லை. 2012 ஆம் ஆண்டுத் திருத்தம், பல்வகை ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள சிறார்கள் வீடுசார் கல்வியைத் தெரிவு செய்யும் உரிமையை வழங்கியது. வீட்டில் கற்ற சிறார் பின்னர் பள்ளியில் சேர விரும்பினால், வயதுக்கேற்ற வகுப்பில் சேரவும் சிறப்புப் பயிற்சி பெறவும் சட்டம் இடமளிக்கின்றது.

2016 இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயதிற்குட்பட்டோர் ஆபத்தற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் மட்டுமே உதவலாம்.

தேர்வும் சான்றிதழும்

1989 இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியாக, 14 வயது நிறைந்தோர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். ஐந்தாண்டுகளுக்குள் பாடங்களைப் பகுதி பகுதியாக முடிக்க இயலும் என்பது மெல்லக் கற்போருக்குப் பயனுடையது. தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வர்களுக்கு நடத்துகின்றது. சான்றிதழ் இன்றிப் பதினெட்டு வயதை அடையும் சிறாருக்கு மேற்படிப்பும் பல வேலைகளும் எட்டாமற் போகும். ஆதலால் சேர விரும்பும் நிறுவனத்தின் விதிகளை முன்கூட்டியே அறிந்துகொள்ளல் வேண்டும்.

சிக்கல்கள்

பெல் முறையின் பழைய குறை வீட்டிலும் தோன்றலாம். பெரிய குடும்பங்களில் மூத்த பிள்ளை, குறிப்பாக மூத்த மகள், இளையோரின் ஆசிரியராகவும் காப்பாளராகவும் ஆகிவிடும் வாய்ப்பு உண்டு. பிறருக்குச் சொல்லிக் கொடுப்பது கற்றதை உறுதிப்படுத்தும். ஆனால் அது அவரது சொந்தப் பாடநேரத்தை விழுங்கினால் கல்வி மறுப்பாக முடியும். மூத்தவர் கற்பிக்கும் நேரத்திற்கு எல்லை வகுத்து, அவரது ஏணியையும் பதிவேட்டில் சேர்ப்பது இதற்கான எளிய காப்பாகும்.

உடன்பிறந்தோரை ஒப்பிடுதல், ஒத்த வயது நட்பின்மை, கற்பிக்கும் பெற்றோர் நோயுற்றால் கல்வி நின்றுபோதல் ஆகியனவும் சிக்கல்களாகும். முழு வீட்டுக்கல்விக்கு மாற்றாகப் பள்ளியும் வீடும் இணைந்த ஏற்பாடுகளும் உள்ளன. கோவிட்-19 காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் பள்ளி நேரத்திற்குப் பின் தம் குடியிருப்புப் பகுதியிலேயே பல வகுப்புச் சிறார்களுக்கு ஒருங்கே கற்பித்தனர். கடலூர் மாவட்டமும் அதன் முதற்கட்டத்தில் இடம்பெற்றது.

இவற்றையும் பார்க்க

- திண்ணைப் பள்ளிக்கூடம்
- செயல்வழிக் கற்றல்
- கல்வி உரிமைச் சட்டம்
- விருத்தாசலம்