கடலோரத்தில் உண்ணும் இன்பம்

பருப்பை அரைத்துத் தட்டையாகத் தட்டி, அதன்மேல் முழு இறால்களைப் பதித்து, கொதிக்கும் எண்ணெயிற் பொரித்தெடுத்தால் அது இறால் வடை. நறுக்கிய வெங்காயமும் உறைப்பான மிளகாய்க் கூட்டும் அதற்குத் துணை. கொழும்பின் பல தெருக்களிலே இது விற்கப்படுகிறது. எனினும், காலிமுகத்திடலில் நின்று தின்னும் வடைக்கே தனிச் சுவை உண்டென்று சாதிப்போர் பலர். மாவும் எண்ணெயும் ஒன்றாயிருக்க, சுவை மட்டும் வேறுபடுவது எங்ஙனம்?

கடலருகே கிடைக்கும் உணவு புதியது என்பர் சிலர். இவ்விளக்கம் முற்றும் பொருந்துவதன்று. திடலின் முன்னே புரளும் அலையிலிருந்து எவரும் இறாலை அள்ளி வடையிற் பதிப்பதில்லை. இலங்கையின் வளர்ப்பு இறாலிற் பெரும் பகுதி புத்தளம் மாவட்டத்துப் பண்ணைகளிலிருந்தே வருகிறது. கடலைக் கண்டவுடன் மீன் புதியது என மனம் தானே முடிவுகட்டிக்கொள்கிறது. விற்போர் அம்மயக்கத்தைக் கலைக்க முற்படுவதில்லை.

காரணத்தை முதலிற் காற்றிலே தேடுதல் தகும். பகல் வெயிலில் நிலம் விரைந்து சூடேறும். நீரோ மெல்லவே சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பமுற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரைநோக்கி வீசுகிறது. வெப்பம் பசியைக் குறைக்கும் இயல்புடையது. நாள் முழுதும் புழுங்கிய உடலின் வியர்வையை இக்காற்று உலர்த்தியதும், அடங்கிக் கிடந்த பசி மீளுகிறது. பசியினும் சிறந்த தொடுகறி வேறுண்டோ?

செவிக்கும் இதிற் பங்குண்டு. உளவியலாளர் சார்லஸ் ஸ்பென்சும் சமையற் கலைஞர் ஹெஸ்டன் புளூமெந்தாலும் இது பற்றி ஆராய்ந்தனர். சிப்பி உண்போருக்கு ஒருமுறை கடலோசையையும் மறுமுறை பண்ணை விலங்குகளின் ஒலியையும் கேட்பித்தபோது, கடலோசையோடு உண்ட சிப்பியே இனிதென்று அவர்கள் கூறினர். உப்புச் சுவை கூடியதாக அவர்கள் கூறவில்லை என்பது கருதத்தக்கது. நாவின் உணர்வு மாறாதிருக்க, மகிழ்ச்சி மட்டும் மிகுந்தது. 2007ஆம் ஆண்டில் புளூமெந்தால் தமது இங்கிலாந்து உணவகத்தில், சங்கினுள் ஒலிக்கருவி வைத்து, அலையோசையுடன் கடலுணவு பரிமாறலானார். காலிமுகத்திடலில் அவ்வோசைக்குக் கட்டணம் இல்லை.

கண்ணின் பங்கோ சிறிது நேரமே நிலைப்பது. திடல் மேற்கு நோக்கியது. கொழும்போ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் உள்ளது. இப்பகுதியிற் கதிரவன் சாய்வாக நழுவாமல் ஏறத்தாழ நேராகவே இறங்குவதால் அந்தியொளி அரைமணி நேரத்துக்குள் மங்கிவிடும். ஆறு மணிக்குமுன் இடம்பிடிக்க மக்கள் விரைவதன் காரணம் இதுவே.

இத்துணை இன்பமும் ஒரு பொருளைப் பொறுத்தது: கரை திறந்திருத்தல். ஒல்லாந்தர் காலத்தில் இவ்வெளி கோட்டைப் பீரங்கிகள் தடையின்றிச் சுடுவதற்காக வெறுமையாக வைக்கப்பட்டது. பின்னர், ஆங்கிலத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் இங்கு உலாவும் பாதையைத் தொடங்கி 1859இல் நிறைவேற்றினார். கொழும்பின் பெண்டிர், பிள்ளைகளின் நலங்கருதி இதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக்கொண்ட வாசகத்தை ஒரு கல்லிலும் பொறித்துவைத்தார். தென்முனையில் 1864இல் எழுந்த காலிமுக விடுதியில் மேசைவிரிப்பின்மீது உண்போருக்கும், வண்டிக்கடை அருகே தாளில் ஏந்தி உண்போருக்கும் வீசுவது ஒரே காற்று. விலைப்பட்டியலே வேறு. கடற்கரை நகரங்கள் பலவற்றில் இவ்வொப்புரவு இல்லை. உணவகங்களின் சுவர்களே கரையை மறைத்துவிடுகின்றன, பணம் கொடுத்தவரே அலையைக் காண்கிறார். இங்கும் திடலின் வடபுறத்தில், 2014இல் தொடங்கிய துறைமுக நகர்த் திட்டத்தால் 269 ஹெக்டேயர் கடற்பரப்பு நிலமாயிற்று. நீரைத் தொட்டுக்கொண்டிருந்த கரை அப்பக்கத்தில் இன்று நீரைவிட்டு விலகி நிற்கிறது. கல்லில் உள்ள வேண்டுகோள் எதிர்பாராத மாற்றம் அது.

கடையை நடத்துவோர்க்கு இதே காற்று பகையுமாகும். உப்பீரம் இரும்பை அரிக்கும். வண்டியின் ஆணியும் அடுப்பின் தகடும் பிற இடங்களிலும் விரைவிலே துருவேறும். அடுப்பின் சுவாலை அணையாதிருக்கக் கடற்பக்கம் தகரம் மறைக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் அலைத்திவலை வாணலிக்குள்ளேயே தெறிக்கும். பருவக்காற்று ஓய்ந்த தெளிந்த இரவுகளிலோ நிலம் கடலைவிடக் குளிர்ந்துபோகக் காற்று திசைமாறுகிறது. அப்போது பொரிக்கும் எண்ணெயின் மணம் நகரத்தை விட்டுக் கடலை நோக்கிப் போகும். அந்நேரத்தில் அடுப்புகளிற் பலவும் அணைந்துமிருக்கும்.