கட்டிக்குள் நிற்கும் காவலர்

கொழிஞ்சாம்பாறையில் என் பெரியப்பா மலத்தில் இரத்தம் கண்டும், மூலந்தான் என்று ஓராண்டைக் கைவைத்தியத்தில் கழித்துவிட்டார். தேவிகுளம் தேயிலைத் தோட்டத்து நண்பரும் தம் ஊரில் இவ்வாறு நடப்பதுண்டு என்றார். மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எழுந்த கேள்வி ஒன்றே: பிழைப்பாரா?

கட்டி எவ்வளவு ஆழம் சென்றது, நிணக்கணுக்களை எட்டியதா என்பவற்றைக் கொண்டே மருத்துவர் விடை கூறுவர். ஆனால் ஒரே நிலையிலுள்ள இருவரில் ஒருவர் தேறுகிறார்; மற்றவர்க்கு நோய் திரும்புகிறது. ஏன்?

2006-இல் பாரிசு நகரத்து ஜெரோம் கலோன் குழுவினர் குடற்கட்டிகளுக்குள் 'டி' அணுக்களை எண்ணினர். இவை நம் உடலின் காவலர். வாளையாற்றுச் சாவடியில் எத்தனை பேர் என்பதோடு, எங்கே நிற்கின்றனர் என்பதும் முக்கியமன்றோ? கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் அவை செறிந்திருந்தோர்க்கு நோய் திரும்புவது குறைவு. கட்டியின் மெல்லிய சீவலில் சி.டி.3, சி.டி.8 என்னும் புரதங்களுக்குச் சாயமேற்றினால், அணுக்களைக் கணிப்பொறி எண்ணிவிடும். 2018-இல் 13 நாடுகளைச் சேர்ந்த 2,681 பெருங்குடல் நோயாளரிடம் இது மெய்ப்பட்டது. நம் அகமதாபாத்தும் அதில் பங்கு கொண்டது.

மலக்குடலில் ஒரு சிக்கல். அங்கே பெரும்பாலும் கதிர்வீச்சு முதலில், அறுவை பின்னர். ஆதலின் சிகிச்சைக்கு முன் கிள்ளியெடுத்த துணுக்கிலேயே எண்ண வேண்டும். 2020-இல் வெளியான ஆய்வில், அத்துணுக்கில் அணுக்கள் மிகுந்திருந்தோர்க்குச் சிகிச்சை நன்கு பலித்தது. கட்டி முற்றும் கரைந்தால் சிலர்க்கு அறுவையே வேண்டாம்; கண்காணித்தால் போதும். சோதிடமன்று இது, வாய்ப்புக் கணக்கு.

பெரியப்பா இன்று வயிற்றில் பையுடன் தென்னந்தோப்புக்குப் போய்வருகிறார். அவர் துணுக்கில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இங்கே அது இன்னும் வழக்கமான சோதனையன்று.