மகரந்தம் இல்லாத மக்காச்சோளம்

1940களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜூலை பிறந்தால் மக்காச்சோள விதை வயல்களில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம்தான். வீரிய ஒட்டு விதை வேண்டுமானால் தாய் வரிசைச் செடிகள் தம் மகரந்தத்தால் தாமே கருவுறக் கூடாது. அதனால் உச்சியில் வெளிவரும் ஆண் பூங்கொத்தை, மகரந்தம் உதிரும் முன்பே, செடி செடியாகக் கையால் பிடுங்கி எறிவார்கள். விடியலில் பனியில் நனைந்து, மதியம் வெயிலில் காய்ந்து, இலை விளிம்பில் கையைக் கிழித்துக்கொண்டு செய்யும் வேலை.

டெக்சாஸில் கிடைத்த ஒரு வகை 1950களில் இந்தச் சிரமத்தை நீக்கியது. அதில் ஆண் பூ வரும், மகரந்தம் வராது. அந்த மலட்டுத்தன்மை தாய்வழியாகவே இறங்கும். அதை மீட்கும் மரபணுக்களைத் தந்தைச் செடியில் வைத்துவிட்டால், உழவர் வயலில் மகரந்தம் திரும்பி மணி பிடிக்கும். 1970க்குள் அமெரிக்க மக்காச்சோள விதையில் ஏறத்தாழ 85 சதவீதம் இந்த ஒரே தாய்வழியைச் சேர்ந்ததாகிவிட்டது. மகரந்தம் ஏன் வரவில்லை என்பது மட்டும் விளங்கவில்லை. இவ்வகை இலைக்கருகலுக்கு எளிதில் இரையாகிறது என்று 1960களின் தொடக்கத்திலேயே பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். அதைக் கேட்டிருக்கலாம் என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துகிறது.

1970 கோடையில் இந்த இலைக்கருகலை உண்டாக்கும் ஒரு பூஞ்சை தெற்கிலிருந்து பரவி, நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தை அழித்தது. டெக்சாஸ் வகை கைவிடப்பட்டது; பூங்கொத்து பிடுங்கப் பிள்ளைகள் மறுபடி வயலுக்கு வந்தார்கள்.

மகரந்தம் வராததற்கும் நோய் பிடித்ததற்கும் காரணம் 1980களில்தான் துலங்கியது. மகரந்தப் பையின் உட்சுவரில் டபீட்டம் என்றொரு மெல்லிய திசு இருக்கிறது. வளரும் மகரந்தத்துக்கு உணவூட்டுவது அதுதான். டெக்சாஸ் வகையின் மைட்டோகாண்ட்ரியாவில் டி-அர்ஃப்13 என்ற மரபணு இருக்கிறது. வெவ்வேறு மரபணுத் துண்டுகள் ஒட்டிப் பிறந்தது. அது உண்டாக்கும் புரதம் இருக்கும் செடியில் டபீட்டம் காலத்துக்கு முன்பே சிதைகிறது, மகரந்தம் பட்டினியில் மடிகிறது. பூஞ்சையின் நஞ்சு வந்து பிடித்துக்கொள்வதும் அதே புரதத்தைத்தான். உடனே மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளை விழுகிறது. மகரந்தத்தைக் காணாமல் செய்ததும் நோயை உள்ளே விட்டதும் ஒரே கதவு.

இன்று வேறொரு வழியும் உண்டு. டபீட்டத்தில் வேலை செய்யும் எம்எஸ்45 என்ற உட்கரு மரபணு பழுதுபட்டால் செடி மலடாகும். அந்த மலட்டு வரிசையைப் பெருக்க, நல்ல எம்எஸ்45, மகரந்தத்தின் மாவுச்சத்தைக் கரைத்து அதைச் செயலிழக்கவைக்கும் மரபணு, விதையைச் சிவப்பாக்கும் மரபணு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு செடியில் நுழைக்கிறார்கள். நுழைத்ததைச் சுமக்கும் மகரந்தம் முளைக்காது, சுமக்காததே விதையாக்கும். சிவப்பு விதையை இயந்திரம் நிறம் பார்த்துப் பிரித்துவிடும். அமெரிக்க வேளாண்துறை 2011இல் இதற்கு அனுமதி கொடுத்தது. தாய்வழி எதுவானாலும் இந்த முறை பொருந்தும் என்பதே இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

பூங்கொத்து பிடுங்கும் வேலை இன்னும் முழுதாக ஒழியவில்லை. அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் இயந்திரம் விட்டதைப் பதின்வயதினர் இன்றும் பிடுங்குகிறார்கள். 1970இன் அழிவு திரும்பாதிருக்க, ஒரு பயிரின் பரப்பில் எவ்வளவு ஒரே தாய்வழியில் நிற்கிறது என்பதை விதை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசுகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.