பழைய சொகுசு டீசல் கார் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் உஷார்!

கோவை:
பி.எம்.டபிள்யூ. எக்ஸ்-1, ஆடி கியூ-3 மாதிரி சின்ன சைஸ் சொகுசு டீசல் கார்களுக்கு எப்பவும் மவுசுதான். 10 வருஷம் ஓடின வண்டியை, சாதாரண புது கார் விலைக்கே முடிச்சு தர்றேன் என்று புரோக்கர்கள் ஆசை காட்டுகிறார்கள். இவ்வளவு மலிவா ஏன் தர்றாங்க? அதுக்கு பெரும்பாலும் 3 காரணம் இருக்கும்.

டெல்லி வண்டி

10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓட 2015-ல் தேசிய பசுமை தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2025-ல் ஓரளவு தளர்வு கிடைத்தது. இந்த தடையால் அங்கே விலை சரிந்த கார்கள் மற்ற மாநிலங்களுக்கு விற்பனைக்கு வந்தன.

வெளி மாநில நம்பர் என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுத்த தடையில்லா சான்று, அதாவது படிவம் 28 கட்டாயம் வேணும். இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு சாலை வரியும் கட்டணும். அதையும் சேர்த்து கணக்கு போட்டுத்தான் விலை பேசணும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பர் மழை வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. பாலிஷ் போட்டால் வெளியே ஒண்ணும் தெரியாது. சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்க. சேற்றுக் கறை இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். ஸ்டெப்னி வைக்கிற குழியில் துரு இருக்கா, மேட்டுக்கு அடியில் பூஞ்சை வாடை அடிக்குதா என்றும் பாருங்க.

செலவு வைக்கும் இன்ஜின்

முதலில் வந்த எக்ஸ்-1 டீசல் கார்களில் டைமிங் செயின் இன்ஜினுக்கு பின்னால், கியர் பாக்ஸ் பக்கம் இருக்கு. அதை மாற்றுவது பெரிய வேலை. அறுந்துட்டா இன்ஜினே காலி.

அதனால ராத்திரி முழுக்க நின்ற வண்டியை காலையில் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. கடகடன்னு உலோகச் சத்தம் கேட்டால் யோசிங்க. நீங்க போகும்போதே பானெட் சூடா இருந்தாலும் சந்தேகம்தான்.

2020 ஏப்ரலுக்கு பிறகு வந்த பி.எஸ்.-6 டீசல் கார்களில் புகைக்கரியை பிடிக்கும் பில்டர் இருக்கு. டவுனுக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓட்டினால் அது அடைச்சுக்கும். கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும்தான் கார் என்றால், டீசலே உங்களுக்கு வேண்டாம்.

கிலோ மீட்டரை நம்பாதீங்க

மீட்டரில் குறைவா காட்டி, ஸ்டீயரிங்கும் பிரேக் பெடலும் தேய்ந்து போயிருந்தால் கணக்கு இடிக்குது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட பழைய பில்களை கேளுங்க. ஸ்கேனர் வச்சிருக்கும் மெக்கானிக்கை உங்க செலவில் கூட்டிட்டு போங்க.

லோன் பாக்கி, அபராதம் இருக்கா என்று பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம். லோன் முடிஞ்சிருந்தால் படிவம் 35, பேர் மாற்ற படிவம் 29, 30 கையெழுத்தோடு வாங்கணும். ‘அப்புறம் தர்றேன்’ என்றால் பணத்தையும் அப்புறமே கொடுங்க.