கையெழுத்துப் போட்டாலும் உரிமை போகாது

சிலிம் ரிவரில் எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் இருக்கும் தங்கச்சி, பல்கலைக்கழகம் போன முதல் மாதமே டேக்வாண்டோ கழகத்தில் பெயர் கொடுத்தாள். விடுமுறைக்கு வந்தவள் வாசலில் உட்கார்ந்தபடி, வெயில் கண்ணைக் குத்துகிறது என்று கையால் மறைத்துக்கொண்டே பேசினாள். நான்கு நாளுக்கு முன் பயிற்சியில் காதோரம் ஓர் உதை.

"மாஸ்டர்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னா பெல்ட் டெஸ்ட்டுக்கு விட மாட்டாங்கக்கா."

உடனே சிலிம் ரிவர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். மூளை அதிர்ச்சி என்றார் டாக்டர்.

தலைக்கவசம் போட்டிருந்தேனே என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கவசம் தோல் கிழிவதையும் எலும்பு உடைவதையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. அடிபட்டவர் அன்றே மறுபடி களத்தில் இறங்கக் கூடாது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, லேசான ஓட்டம், தனியாக உதைப் பயிற்சி. எதிராளியோடு மோதுவது டாக்டர் சரி சொன்ன பிறகுதான். ஆறாத மூளைக்கு விழும் இரண்டாவது அடி, அபூர்வமாக, உயிரையே எடுத்துவிடும். வாந்தி நிற்காவிட்டால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், எழுப்பினாலும் கண் திறக்காவிட்டால், வலிப்பு வந்தால் 999-க்கு அழையுங்கள்.

இனி, கழகத்தில் சேரும்போது கொடுத்த பாரம். "எந்தக் காயத்துக்கும் கழகம் பொறுப்பல்ல" என்ற வரியின் கீழே அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதனால் எல்லாம் முடிந்தது என்றே வீட்டில் நினைத்தார்கள். முடியவில்லை. வழக்குப் போடும் உரிமையை அடியோடு அடைக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்கிறது 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 29-வது பிரிவு. வங்கி ஒன்றின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2018-ல் இதை உறுதிப்படுத்தியது. உங்கள் பாரத்துக்கும் இதே வாதத்தை வைக்கலாம். உதை வாங்குவது விளையாட்டின் இயல்பு, அதற்கு இழப்பீடு கிடைக்காது. ஆனால் முதல் வாரத்து வெள்ளை பெல்ட்டைக் கறுப்பு பெல்ட்டோடு முழு வேகத்தில் மோத விடுவதும், தள்ளாடுகிறவரை "எழுந்திரு" என்று மறுபடி இறக்குவதும் அலட்சியம். அரசு அமைப்பின் மீது வழக்கென்றால் 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். ஆலோசனைக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இன்னொன்று. நிற்கும் நிலையைத் தொட்டுத் திருத்துவது இந்தக் கலையில் சகஜம். தொடுவதில் தப்பு தெரிந்தால், "வேண்டாம் மாஸ்டர்" என்று சொல்ல உங்கள் மகளுக்கு முழு உரிமை உண்டு. குனிந்து வணங்குவதால் அது போய்விடாது. 2022 பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்தின் கீழ் தனி நடுவர் மன்றம் இருக்கிறது. விசாரணை மூடிய அறைக்குள் நடக்கும். இழப்பீடு 250,000 ரிங்கிட் வரை கிடைக்கலாம். போலீஸ் புகாரையும் தள்ளிப்போட வேண்டாம். பேச ஆள் இல்லையென்றால் தாலியான் காசே உதவித் தொலைபேசி, 15999.

சேரும் முன்பே பயிற்றுநரிடம் தேசியப் பயிற்றுநர் சான்றிதழையும் முதலுதவிச் சான்றிதழையும் கேளுங்கள். மாணவர் காப்புறுதி பயிற்சிக் காயத்தையும் ஏற்குமா என்று மாணவர் விவகாரப் பிரிவிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அன்றிரவே தங்கச்சி நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், பக்கத்தில் நின்றவர்களின் பெயர் எல்லாவற்றையும் எழுதினாள். மருத்துவ அறிக்கையை அதோடு சேர்த்துப் பின் அடித்தாள். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கு அம்மாவும் கூடப் போவதாக முடிவானது.