தம் நூலைத் தாமே திருத்தியவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சீன நாகரிகம் மஞ்சள் ஆற்றங்கரையில் தோன்றி அங்கிருந்தே நாடெங்கும் பரவியது என்பது அறிஞர் பலர் ஒருகாலத்தில் கொண்டிருந்த கருத்து. அக்கருத்தைத் தம் நூலில் எழுதியவரும், பின்னர் சான்று கண்டு அதைக் கைவிட்டவரும் ஒருவரே. அவர் தொல்பொருளியல் பேராசிரியர் குவாங் சி சாங்.

1931-இல் பெய்ஜிங்கில் பிறந்த சாங், 1946-இல் குடும்பத்துடன் தைவான் சென்றார். 1949-இல் மாணவர்கள் கைது செய்யப்பட்டபோது அவரும் சிக்கி, ஏறத்தாழ ஓராண்டு சிறையில் இருந்தார். விடுதலைக்குப்பின் தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஷாங் மன்னர்களின் தலைநகரான ஆன்யாங்கை அகழ்ந்த லி ஜி, அங்கே அவருக்கு ஆசான் ஆனார். 1960-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற சாங், யேலிலும், 1977 முதல் ஹார்வர்டிலும் கற்பித்தார்.

பண்டைச் சீனத்தின் தொல்பொருளியல் பற்றிய அவரது பெருநூல் 1963-இல் வெளிவந்தது. அந்நாளில் அமெரிக்காவிலிருந்து சென்று சீனத்தில் அகழ்வது இயலாத காரியம். எனவே சீன அறிஞர்களின் அகழாய்வு அறிக்கைகளைப் படித்தே அவர் எழுதினார்.

பின்னர் புதிய சான்றுகள் குவிந்தன. உயிர் நீங்கிய பொருளில் உள்ள கார்பன்-14, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் காலம் தெரியும். 1973-இல் தெற்கே ஹெமுடுவில் அகழ்ந்தபோது, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நெல் கிடைத்தது. மஞ்சள் ஆற்றுக்கு வெளியேயும் பழமையான பண்பாடுகள் இருந்தன என்பது தெளிவாயிற்று. 1986-இல் வந்த நான்காம் பதிப்பில் சாங் தம் பழைய கருத்தை விட்டார். வட்டாரப் பண்பாடுகள் பல தனித்தனியே வளர்ந்து, கி.மு. 4000 அளவில் ஒன்றோடொன்று உறவு கொண்டு, சீன நாகரிகத்தை உருவாக்கின என்று எழுதினார்.

வெண்கலம் பற்றியும் அவர் புதிதாகச் சொன்னார். ஷாங் காலத்து வெண்கலம் பெரும்பாலும் சடங்குப் பாத்திரமும் போர்க்கருவியுமே ஆயிற்று. உழவன் கையில் கல்லும் மரமுமே இருந்தன. அரசர்க்கு அது அதிகாரத்தின் கருவி என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது. அந்த மரியாதை என்றும் வேண்டும். ஆனால் அச்சேறிய சொல்லையும் சான்றைக் கொண்டு உரைத்துப் பார்ப்பதே அறிவியல் என்பதைச் சாங்கின் வாழ்வு எனக்கு உணர்த்துகிறது.

1990-களில் நடுக்குவாத நோயோடு போராடிக்கொண்டே, சீன அறிஞர்களுடன் சேர்ந்து ஷாங்சியூ பகுதியில் ஷாங் மரபின் தொடக்க கால நகரைத் தேடினார். 2001-இல் மறைந்தார். நண்பர்களே, நாளை நம்மில் சிலர் ஆசிரியராவோம், சிலர் ஆய்வாளராவோம். சான்று மாறும்போது கருத்தை மாற்றிக்கொள்ளும் துணிவு நமக்கும் வேண்டும்.